முப்பத்தேழு அத்தாட்சிகள்

வெள்ளவத்தையில் கால்வாய்ப் பூங்கா என்று ஒன்று இருக்கிறது. இருக்கிறது என்பதை வாசலில் தொங்கும் பலகையே மூன்று மொழியில் சொல்கிறது. உள்ளே போக முடியாது. பலகையை வாசித்துவிட்டுத் திரும்பி வரலாம், அதற்கு யாரும் தடை போடவில்லை.

இந்தக் கேடு எப்படி வந்தது என்று பக்கத்துத் தொடர்மாடியில் கேட்டுப் பாருங்கள். அத்தனை பேரும் மூன்றாம் மாடியைத்தான் காட்டுவார்கள். அங்கே சிவக்கொழுந்தம்மா இருக்கிறார். அறுபத்தைந்து வயது. ஒரு காப்புறுதிக் கொம்பனியின் கோவை அறையில், பைல்களுக்கு நடுவே முப்பத்தொரு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் ஒரு பொய் எழுதியதில்லை, ஒரு கடுதாசியைத் தொலைத்ததில்லை. இந்த இரண்டு நல்ல குணமும்தான் அந்த மனுசியின் தலையில் மண்ணை அள்ளிப் போட்டன.

முப்பத்தெட்டு வயதிலேயே அவருக்குச் சீனி வருத்தம் வந்துவிட்டது. டொக்டர் அன்றைக்கே பச்சையாகச் சொன்னார்: நடந்தால் குளிசை, நடக்காவிட்டால் ஊசி. சிவக்கொழுந்தம்மாவுக்கு ஊசி என்றால் ஏழு ஊருக்குப் பயம். மறுநாள் விடிய ஐந்தரைக்குச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கன்வஸ் சப்பாத்துப் போட்டு, கால்வாய்ப் பூங்காவுக்கு இறங்கியவர்தான். மருதமரங்களைச் சுற்றி முந்நூற்றுப் பத்து மீற்றர். கோயில் சுற்றுகிற பக்கமாகவே பன்னிரண்டு சுற்று. அவரோடு இன்னும் ஐந்து பெண்கள். பெற்றோல் இல்லாத காலத்திலும் நடந்தார்கள், ஊரடங்கு எடுத்த மறுநாளும் நடந்தார்கள். இருபத்தேழு வருடமாக ஊசி வீட்டு வாசற்படி ஏறவில்லை.

சிவக்கொழுந்தம்மா வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி. ஆணியில் ஒரு பச்சைப் பை, சிப் வைத்தது. ஒரு காலத்தில் வெள்ளவத்தையில் யாழ்ப்பாணத்து ஆட்களின் வீட்டுக் கதவு தட்டப்பட்டால், ஆம்பிளைகளுக்கு முதலில் கை போவது இடுப்புச் சாரத்துக்கு அல்ல, இந்தப் பைக்குத்தான். பெயர் என்ன, எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது, ஏன் வந்தது, எப்போது போவது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கடுதாசி, ஒவ்வொரு கடுதாசிக்கும் ஐந்து கொப்பி. அந்தக் காலம் போய்விட்டது என்று எல்லோரும் பையைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டார்கள். சிவக்கொழுந்தம்மா கழற்றவில்லை. காலம் போய்விட்டது என்பதற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டார்.

அந்தப் பைக்குள் இருந்த ராசாக் கடுதாசி ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டாயிரத்து ஒன்றில் ஒரு விடியற்காலை, சந்திக் காவலரணில் நின்ற ஒருவர் இந்த ஆறு பெண்களையும் மறித்தார். ஏன் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள், எதை அளக்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். சீனி என்று சொன்னதை அவர் நம்பவில்லை. டொக்டரின் துண்டு, இரத்தப் பரிசோதனை, அடையாள அட்டை எல்லாம் காட்டி, மூன்று மணித்தியாலம் வாங்கில் இருந்த பிறகு, அவருடைய மேலதிகாரி வந்து ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். இப்பெண்கள் அறுவரும் காலை ஐந்தரை முதல் ஆறரை வரை பூங்காவைச் சுற்றிச் சுற்றி நடப்பதற்கு ஆட்சேபனை இல்லை. கையெழுத்து, திகதி, வட்ட முத்திரை. சிவக்கொழுந்தம்மா அதை அன்றைக்கே லமினேற் பண்ணிவிட்டார்.

இப்படியிருக்க, போன வருடம் மாசி மாதம் சாரங்கன் வந்து சேர்ந்தான்.

நடைபாதைகள் மற்றும் வாழும் வரலாற்று அதிகார சபை என்று ஒரு சபை. நகரத்தில் மக்கள் தலைமுறையாக நடக்கிற இடங்களைக் கண்டுபிடித்துப் பாதுகாப்பது அதன் வேலை. சாரங்கன் அதில் கள உத்தியோகத்தர். முப்பத்தைந்து வயது, வாயில் எப்போதும் ஒரு அன்ரி. முதல் நாளே செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து, உளுந்து வடை மூன்றைச் சாப்பிட்டுவிட்டு, தன்னுடைய அம்மாவுக்கும் சீனி என்றான். சிவக்கொழுந்தம்மாவுக்கு நெஞ்சு இளகிவிட்டது.

"அன்ரி, உங்கட பூங்காவை ஆருக்கோ குடுத்து மாடி கட்டப் போகினம் எண்டு கதை அடிபடுது. கேள்விப்பட்டனீங்களோ?"

"கேள்விப்பட்டனான் தம்பி. ரெண்டு கிழமையா மாடி முழுக்க அதே கதைதான்."

"எங்கட சபையில பதிஞ்சிட்டா ஒருத்தரும் கை வைக்கேலாது. வாழும் வரலாறு எண்டு அறிவிச்சிடுவம். ஆனா சனம் தொடர்ந்து நடந்தது எண்டதுக்கு அத்தாட்சி வேணும். ஒண்டு இருந்தாக் காணும்."

"ஒண்டோ?" என்றார் சிவக்கொழுந்தம்மா. அந்தக் குரலில் இருந்த பெருமையைச் சாரங்கன் கவனித்திருக்க வேண்டும்.

பச்சைப் பை ஆணியிலிருந்து இறங்கியது. டொக்டரின் முதல் துண்டு, இரத்தப் பரிசோதனை அறிக்கை ஐந்து. பூங்காவில் லைற் எரியவில்லை என்று தொண்ணூற்றொன்பதில் எழுதிய முறைப்பாடு, அதற்கு வந்த பதில், லைற் போட்ட பிறகு அனுப்பிய நன்றிக் கடிதம். ஒவ்வொரு நாளும் எத்தனை சுற்று என்று குறித்த இருபத்தேழு டயறிகள். கடைசியாக, லமினேற் பண்ணிய ராசாக் கடுதாசி. மேசையில் இடம் காணாமல் சாரங்கன் தேத்தண்ணிக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டான். எண்ணிப் பார்த்தால் முப்பத்தேழு.

அவருடைய கணவர் தில்லைநாதன் பேப்பரை மடித்து வைத்தார். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர், சுருக்கமாகத்தான் கதைப்பார்.

"தம்பி கேட்டது ஒண்டு. ஏன் முப்பத்தேழு குடுக்கிறீர்?"

"ஒண்டு குடுத்தா, ஏன் மற்றதுகள் இல்லை எண்டு கேப்பினம்," என்றார் சிவக்கொழுந்தம்மா.

இந்த ஒரு வசனத்துக்குள் வெள்ளவத்தையில் அவர் சீவித்த முப்பது வருடமும் அடக்கம். தில்லைநாதன் மறுபடி பேப்பரை விரித்தார்.

படிவம் பதினான்கு பக்கம், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். தமிழ்ப் பிரதி அச்சில் இருக்கிறது என்று சாரங்கன் சொன்னான். அவனே பொறுமையாக வாசித்து விளங்கப்படுத்தினான். பதினோராம் பக்கம் வந்ததும், "இது சும்மா வழமையான விசயம் அன்ரி" என்று ஒற்றையைத் திருப்பினான். சிவக்கொழுந்தம்மா பதினான்கு பக்கத்திலும் கையெழுத்து வைத்தார். அதோடு விட்டாரா? மாடி மாடியாக ஏறி, ஒவ்வொரு வீட்டு மணியையும் அடித்து, இன்னும் நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கினார். ஐந்தாம் மாடி உஷாந்தி, அவரோடு பதினெட்டு வருடமாக நடக்கிறவள், பேனையை வாங்கும்போதே சொன்னாள்: "நான் ஒண்டும் வாசிக்கேல்லை அன்ரி. நீங்கள் வாசிச்சிருப்பீங்கள் எண்டுதான் வைக்கிறன்."

சித்திரையில் பரிசோதனைக் குழு வந்தது. நாலு வாகனம். நடைபாதையைப் பார்க்க வந்த குழு நடைபாதையின் மேலேயே வாகனத்தை ஓட்டிக்கொண்டு மருதமரத்தடி வரைக்கும் வந்து நின்றது. முதல் வாகனத்திலிருந்து பணிப்பாளர் நாயகம் கலாநிதி யோகநாதன் இறங்கினார். நடையின் வரலாற்றில் கலாநிதிப் பட்டம் எடுத்து, அதைப் பற்றி மூன்று தடித்த புத்தகம் எழுதியவர். வாகனத்திலிருந்து கதிரைக்குப் பத்தடி. அந்தப் பத்தடிக்கு ஒருவர் குடை பிடித்தார், இன்னொருவர் கையைப் பிடித்தார்.

"அம்மா வழமையாக நடப்பது போல ஒரு சுற்று நடந்து காட்ட வேண்டும்," என்றார் கலாநிதி. "யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள்."

பதினொரு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வீடியோ எடுத்தார். ஒருவர் அளக்கிற ரேப்பை வைத்துக்கொண்டு பின்னாலேயே குனிந்தபடி ஓடி, சிவக்கொழுந்தம்மாவின் ஒவ்வோர் அடியையும் அளந்தார். முதல் சுற்றில் சராசரி அடி ஐம்பத்தெட்டு சென்ரிமீற்றர். இரண்டாம் சுற்றில் அறுபத்தொன்று. எது வரலாற்று அடி, எது தற்செயலான அடி என்று குழுவுக்குள் அரைமணித்தியாலம் வாக்குவாதம். பிறகு இரண்டையும் கூட்டிப் பிரித்து, ஐம்பத்தொன்பதரை என்று தீர்மானித்து, அந்த அளவில் இன்னொரு சுற்று நடக்கச் சொன்னார்கள். சிவக்கொழுந்தம்மா நடந்தார். ஓரிடத்தில் அடி கொஞ்சம் நீண்டுவிட்டது. ரேப்காரர் முகத்தைச் சுழித்தார், இவர் மன்னிப்புக் கேட்டார்.

கடைசியில் ஒருவர் கரண்டியோடு வந்து, அவருடைய கன்வஸ் சப்பாத்தின் அடியில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டி ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டார். அதற்கு ரசீது கொடுத்தார். அந்த ரசீதைப் பார்த்ததும் சிவக்கொழுந்தம்மாவுக்கு இருந்த மிச்சச் சந்தேகமும் போய்விட்டது. சேற்றுக்கே ரசீது தருகிற சபை மனிசரை ஏமாற்றாது என்று நினைத்தார். அன்றைக்குப் பின்னேரம் தில்லைநாதனிடமும் அப்படியே சொன்னார்.

ஆவணியில் பிரகடன விழா. தொடர்மாடியே திரண்டு வந்தது. நடக்கிறவர்கள் எல்லாம் சப்பாத்தோடு வந்திருந்தார்கள், கூட்டம் முடிய ஒரு சுற்று நடக்கலாம் என்ற எண்ணம். சிவக்கொழுந்தம்மாவுக்கு முன் வரிசையில் கதிரை. காஞ்சிபுரம் கட்டி, அதற்குக் கீழே கன்வஸ்.

கலாநிதி யோகநாதன் பேசினார்.

"நான் முப்பது வருடமாக நடையை ஆராய்கிறேன். ஆகவே, நடை எவ்வளவு ஆபத்தானது என்பது இந்த நாட்டில் என்னைவிட வேறு யாருக்கும் தெரியாது. ஒரு மனிதன் ஒரு பாதையில் நடக்கும்போது என்ன ஏற்படுகிறது? அவன் ஆரோக்கியம் அடைகிறான் என்பார்கள். பாதையைப் பற்றி யாராவது யோசித்தீர்களா? பாதை தேய்கிறது. நேற்று நடந்தவரின் சுவட்டை இன்று நடப்பவர் அழிக்கிறார். வரலாற்றின் மிகப் பெரிய எதிரி, அதைத் தொடர்ந்து செய்துகொண்டிருப்பவர்தான்."

கை தட்டல். முன் வரிசையிலும் தட்டினார்கள். ஒலிபெருக்கி கொஞ்சம் இரைந்தது, அவ்வளவாக விளங்கவில்லை.

"எமது சபை பொறுப்பேற்ற பதினொரு நடைபாதைகளிலும் இன்று வரை ஓர் அடிகூட விழவில்லை என்பதைப் பெருமையோடு அறிவிக்கிறேன். சிலர் கேட்கிறார்கள், அப்படியென்றால் மக்கள் எங்கே நடப்பது என்று. மக்கள் எமது சபையின் கீழ் வருவதில்லை. அது வேறு அமைச்சு. என்னைப் பாருங்கள். வீட்டில் ஒரு மெசின் வைத்திருக்கிறேன், அதில் நடக்கிறேன். முப்பது வருடத்தில் எந்த வரலாற்றையும் நான் மிதித்ததில்லை. கால்வாய்ப் பூங்கா இன்று முதல் தரம் ஏ. திருமதி சிவக்கொழுந்து தில்லைநாதன் அவர்கள் வழங்கிய, எமது சபை இதுவரை கண்டிராத முப்பத்தேழு அத்தாட்சிகளே இதற்குக் காரணம்."

பொன்னாடை போர்த்தினார்கள். தரம் ஒன்று சாட்சி என்று சட்டம் போட்ட சான்றிதழ் கொடுத்தார்கள். பிறகு எல்லோரையும் மெல்ல மெல்ல வாசலுக்கு வெளியே வரச் சொன்னார்கள், அங்கே நாடா வெட்டுகிற நிகழ்ச்சியாம். வந்து பார்த்தால் நாடாவை வெட்டவில்லை. இரண்டு கேற்றையும் சாத்தி, நாடாவைக் குறுக்கே கட்டி, அதன் மேல் சங்கிலி போட்டு, கலாநிதி தன் கையாலேயே பூட்டினார். படம் எடுத்தார்கள். படத்தில் சிவக்கொழுந்தம்மா பூட்டுக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறார். பூட்டு எதற்கு என்று அவருக்கு அப்போதும் தெரியாது.

காவலாளிதான் சொன்னான். "ஆன்ட்டி, உள்ள போக ஏலாது. வெளியில சுத்தி நடக்கலாம்." வெளியே என்றால் ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் பஸ் போகிற றோட்டு. அந்த றோட்டோரத்தில் மஞ்சள் அம்புக்குறி கீறி, பாரம்பரிய நடைப் பயணப் பாதை என்று எழுதியிருந்தது. மதிலில் முகம் அளவுக்கு ஓர் ஓட்டை. அதால் உள்ளே பார்க்கலாம்.

சிவக்கொழுந்தம்மா பொன்னாடையோடு சாரங்கனைத் தேடினார். அவன் வாகனத்துக்குள் ஏறியிருந்தான். கண்ணாடி மேலே போய்விட்டது.

ஒரு கிழமை பொறுத்து, பச்சைப் பையையும் எடுத்துக்கொண்டு சபையின் அலுவலகத்துக்குப் போனார். சாரங்கனுக்கு இப்போது தனி அறை. கதவில் உதவிப் பணிப்பாளர் என்று புதுப் பலகை.

"தம்பி, பூட்டுவினம் எண்டு உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"தரம் ஏ எண்டா பூட்டுறதுதானே அன்ரி. பதினோராம் பக்கத்தில இருக்கு."

"அது சும்மா வழமையான விசயம் எண்டு நீங்கள்தான் சொன்னீங்கள்."

"ஓம் அன்ரி. எல்லா ஏயையும் பூட்டுறதுதான் வழமை." அவன் பொய் சொல்கிறவன் மாதிரியே இல்லை. அதுதான் அவருக்குக் கூடுதலாக வலித்தது. "உண்மையா எனக்கும் கவலைதான். ஒரு அத்தாட்சி தந்திருந்தா சீ கிடைச்சிருக்கும், வழமை போல நடந்திருக்கலாம். பத்து எண்டா பீ, சனி ஞாயிறு மட்டும். நீங்கள் முப்பத்தேழு தந்திட்டீங்கள். அதிலயும் அந்தக் காவலரண் கடிதம். அரசாங்கமே நடையை எழுத்தில ஒப்புக்கொண்டது நாட்டிலயே அது ஒண்டுதானாம். பணிப்பாளர் கண்ணில ஒத்தினவர்."

"ஒண்டு போதும் எண்டா அப்பவே நிப்பாட்டியிருக்கலாமே தம்பி. நீங்கள் என்ர வீட்டில இருந்து சாப்பிட்டுக்கொண்டெல்லோ பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்."

சாரங்கன் மேசையிலிருந்த பேனையை நேராக்கினான். "நாலு வருசமா எனக்குச் சீ தான் அன்ரி கிடைச்சது. ஒரு ஏ எடுக்காட்டி உத்தியோகம் உயராது. அம்மாவுக்கு ஊசி தொடங்கியாச்சு, செலவு இருக்குதானே."

சிவக்கொழுந்தம்மா பச்சைப் பையை மடியில் வைத்தார். இந்தப் பிள்ளைக்குச் சட்னி காரமா என்று கேட்டு, வேறு சட்னி அரைத்துக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. பிறகு தரத்தைக் குறைக்க வழி உண்டா என்று கேட்டார். உண்டு. அங்கே ஒருவரும் நடந்ததே இல்லை என்று தரம் ஒன்று சாட்சி ஒருவர் கையெழுத்து வைத்தால் போதும்.

"தரம் ஒன்று சாட்சி நான்தானே. தாங்கோ, வைக்கிறன்."

"நீங்கள் ஏற்கெனவே முப்பத்தேழு அத்தாட்சியோட நடந்தது எண்டு நிரூபிச்சுப்போட்டீங்கள். உங்கட சாட்சியை உங்கட சாட்சி வெட்டாது அன்ரி. வேற இடமெண்டாச் செல்லும். கொழும்பு மாவட்டம் முழுக்க, எந்தப் பூங்காவுக்கும், உங்கட ஒரு கையெழுத்துக் காணும். கால்வாய்ப் பூங்காவுக்கு மட்டும் செல்லாது."

"அப்ப என்ர கடுதாசியளையாவது திருப்பித் தாங்கோ."

"அதுகளும் இப்ப வரலாறு."

வீட்டுக்கு வந்தவர் லிப்ற் கதவடியில் உஷாந்தியைக் கண்டார். உஷாந்தி உள்ளே நின்றாள். இவர் இரண்டடி எடுத்து வைப்பதற்குள் அவள் பொத்தானை அமத்தினாள், கதவு சாத்திக்கொண்டது. அதற்குப் பிறகு சிவக்கொழுந்தம்மா படியால் ஏறி இறங்கினார். படியில் எதிர்ப்பட்டவர்கள் போன் பார்த்தார்கள். யாரோ மாடி வட்சப் குழுவில் அந்தப் பூட்டுப் படத்தைப் போட்டு, நன்றி என்று மட்டும் எழுதியிருந்தார்கள்.

"என்ர சனத்தை நானே காட்டிக் குடுத்துப்போட்டன்," என்று தில்லைநாதனிடம் சொல்லி அழுதார்.

"காட்டிக் குடுத்தது அவன்," என்றார் தில்லைநாதன். "ஆனா கையெழுத்து உம்முடையது. சனம் அதைத்தான் பாக்கும்."

ஐப்பசியில் சீனி இருநூற்று முப்பத்தாறு. டொக்டர் ஊசியைப் பற்றிப் பேசத் தொடங்கினார், எங்கே குத்துவது என்று தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினார். அன்றைக்குப் பின்னேரம் சிவக்கொழுந்தம்மா மெய்யம்மைக்குப் போன் எடுத்தார். மெய்யம்மை கோவை அறையில் அவருக்குப் பக்கத்து மேசை. செட்டியார் வீட்டுப் பெண், கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவள். வேலை செய்த காலத்தில் அவளுடைய மேசையில் ஒரு கடுதாசி ஒழுங்காக இருந்ததில்லை. அதற்காக இவர் அவளை எத்தனையோ தரம் ஏசியிருக்கிறார்.

"அந்தச் சபைக்காரங்க எங்ககிட்டயும் வந்தாங்க அக்கா," என்றாள் மெய்யம்மை. "இங்க யாரு நடக்குறாங்க, எத்தனை வருசமான்னு கேட்டாங்க. யாருக்குத் தெரியும், நாங்க கோயிலுக்கு வந்தவங்கன்னு சொல்லிட்டோம். பேப்பர் இருக்கான்னாங்க. என் வீட்டுல இருந்தாத்தானே குடுக்குறதுக்கு. தரம் டீன்னு போட்டுட்டுப் போயிட்டாங்க. நீங்க இங்க வந்து நடங்க."

கிழமைக்கு நாலு நாள், விடிய நாலே முக்காலுக்குப் புறப்பட்டு, கோட்டைக்கு ஒரு பஸ், அங்கேயிருந்து கொட்டாஞ்சேனைக்கு இன்னொரு பஸ். ஜிந்துப்பிட்டிப் பக்கத்து ஒழுங்கைச் சனம் முழுக்க அந்தச் சின்னப் பூங்காவில்தான். சாரத்தோடு நடக்கிறவர்கள், ஹபாயாவோடு நடக்கிறவர்கள், செபமாலை உருட்டிக்கொண்டு நடக்கிறவர்கள், போனில் யாரையோ ஏசிக்கொண்டு நடக்கிறவர்கள். வாசலில் சபையின் பலகை: தரம் டீ. இவ்விடத்தில் வரலாறு எதுவும் இல்லை. அந்தப் பலகையில் ஒருவர் துவாயைக் காயப்போட்டிருந்தார்.

சிவக்கொழுந்தம்மா அங்கே நடந்தார். ஆனால் முந்தியைப் போல இல்லை. டயறி எழுதுவதை விட்டுவிட்டார். யாராவது படம் எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்று மாதத்தில் சீனி நூற்றெழுபதுக்கு இறங்கியது. மருதமரம் இல்லை, வழியெல்லாம் சேறு, ஆனாலும் காலுக்குக் கீழே ஒரு நிலம் இருந்தது.

தை பிறந்து இரண்டாம் கிழமை, ஆறாவது சுற்றில், வாசலில் ஒரு வெள்ளை வாகனம் வந்து நின்றது. சாரங்கன் இறங்கினான். கையில் படிவம். பின்னாலே அதே ரேப்காரர். சிவக்கொழுந்தம்மாவைக் கண்டதும் சாரங்கனின் முகம் உண்மையாகவே மலர்ந்தது.

"அன்ரி, நீங்கள் இங்கயோ? கடவுளாப் பாத்து அனுப்பின மாதிரி. இந்த இடத்தை மீளாய்வு செய்யிறம். ட்ராம் ஓடின காலத்திலயிருந்து இங்க சனம் நடக்குதாம். பணிப்பாளர் ஏ ஆக்க விரும்புறார். ஒருத்தரிட்டயும் ஒரு கடுதாசியும் இல்லை. ஆனா உங்கட கையெழுத்து முப்பத்தேழு அத்தாட்சிக்குச் சமன்." படிவத்தை விரித்தான். "ஒரே ஒரு கேள்விதான். இங்க ஆக்கள் நடக்கினமோ, இல்லையோ."

சிவக்கொழுந்தம்மா தன் கையைப் பார்த்தார். முப்பத்தொரு வருடம் கோவை அறையில் ஒரு திகதியைக்கூட மாற்றி எழுதாத கை. காவலரணில் மூன்று மணித்தியாலம் இருந்தபோதும் உண்மையைத்தான் சொன்னவர். உண்மையை எழுதி முத்திரை குத்தி வைத்திருந்தால் ஒருவரும் ஒன்றும் செய்ய முடியாது என்று அறுபத்தைந்து வருடம் நம்பியவர்.

சாரத்தோடு வந்த ஒருவர் சாரங்கனின் முதுகில் தட்டினார். "தம்பி, கொஞ்சம் ஒதுங்குங்க. நடக்குற வழி." சாரங்கன் ஒதுங்கினான். அவருக்குப் பின்னால் மெய்யம்மை வந்தாள், மூச்சு வாங்கியபடி இவர்களைக் கடந்து போனாள்.

"இல்லை," என்றார் சிவக்கொழுந்தம்மா.

"என்ன இல்லை?"

"இங்க ஒருத்தரும் நடக்கிறேல்லை."

சாரங்கன் நிமிர்ந்து பார்த்தான். செபமாலை போனது. ஹபாயா மூன்று போனது. ஒரு நாய்கூடச் சுற்றிக்கொண்டு போனது. "அன்ரி, அப்ப இவை?"

"எவை?"

சாரங்கன் படிவத்தைப் புரட்டினான். சாட்சி சொல்வதை எழுத ஒரு கட்டம் இருந்தது. உத்தியோகத்தர் தன் கண்ணால் கண்டதை எழுத எந்தக் கட்டமும் இல்லை. ரேப்காரர் ரேப்பைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் போட்டார். சாரங்கன் நெடுநேரம் பேனையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, நடப்பவர் எவரும் இல்லை என்று எழுதினான். சிவக்கொழுந்தம்மா அதன் கீழே, முழுப் பெயரும் விளங்க, நிதானமாகக் கையெழுத்து வைத்தார். வாழ்நாளில் முதல் பொய். எழுத்து கோணவில்லை.

"ஏன் அன்ரி இப்பிடிச் செய்யிறீங்கள்?" அவன் குரலில் கோபம் இல்லை, ஏமாந்தவனின் குரல். "உங்களை நான் நம்பித்தானே வந்தனான்."

"படிவத்தில அப்பிடி ஒரு கேள்வி இருக்கோ தம்பி?"

"இல்லை."

"அப்ப விடுங்கோ. எனக்கு ஒரு கொப்பி தாங்கோ."

கொப்பியை வாங்கி மடித்துப் பச்சைப் பைக்குள் போட்டுச் சிப்பை இழுத்தார். வாகனம் சந்தி திரும்பும்வரை அசையாமல் நின்றார். அவன் பார்க்க ஓர் அடி எடுத்து வைத்தாலும் அது அத்தாட்சி ஆகிவிடும் என்று அவருக்குத் தெரியும். நிற்கும்போதுதான் அழுகை வந்தது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார்.

மெய்யம்மை அடுத்த சுற்றில் வந்து சேர்ந்தாள். இவர் அவளோடு சேர்ந்துகொண்டார். பாதிச் சுற்று போனது.

"என்னக்கா, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு. நாளைக்கும் வருவீங்கதானே?"

"நான் இண்டைக்கே வரேல்லை மெய்யம்மை," என்றார் சிவக்கொழுந்தம்மா, அடியைக் கொஞ்சம் எட்டிப் போட்டபடி.